மெட்ராஸ் நேரத்தைத் தேடித் தந்தவர்களுக்கு

எங்கள் கிளை நூலகத்தின் வாசகர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோடை விடுமுறையில் ஒருநாள், திரும்பி வந்த புத்தகங்களைப் பதிந்துகொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி, "மேடம், மெட்ராஸ் நேரம்னு தனியா ஒண்ணு இருந்துச்சாமே, நிஜமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்றேம்மா" என்றேன். அந்தத் தேடல்தான் வளர்ந்து, போன ஞாயிற்றுக்கிழமை முடிந்த கண்காட்சி ஆனது. அதற்குத் தோள் கொடுத்தவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஐயாவுக்கு. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாய்வகத்தின் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிட்டதுதான் மெட்ராஸ் நேரம். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். நாடெங்கும் ரயில்கள் அதை வைத்து ஓடின. 1906-ல்தான் இந்தியத் திட்ட நேரம் வந்தது. ஐயா விளக்கியதோடு நிற்கவில்லை. தம் வீட்டு ஊசல் கடிகாரத்தைத் தூக்கிவந்து, 8 நிமிடம் 46 விநாடி பின்னுக்கு வைத்து, நூலகக் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார். ஒரே சுவரில் ஒரே ஊருக்கு இரண்டு நேரம்! பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

சர்வேயராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் தம் பழைய எஃகு டேப்போடு வந்தார். 1802-ல் ஆங்கிலேய நில அளவை அதிகாரி லாம்டன் பரங்கிமலைப் பக்கம் 100 அடி எஃகுச் சங்கிலியால் அடிக்கோடு (நில அளவைக்கு ஆதாரமான நேர்கோடு) அளந்த கதையை அவர் சொன்னவிதம் அப்படி. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியைப் பெட்டிகளில் கிடத்தி, தெர்மாமீட்டர் வைத்து அளந்தார்களாம். வெப்பம் 10 டிகிரி ஏறினால் 100 அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் கூடும். அதை ஸ்கேலில் காட்டியபோது "இவ்ளோதானா?" என்றான் ஒரு பையன். ஏழு மைலுக்கும் மேலான கோட்டுக்குக் கணக்குப் போடச் சொன்னார் அண்ணன். போட்டு முடித்தவன் 'ஆ' என்று வாயைப் பிளந்தான்.

என் மனசு ஒட்டிக்கொண்டது சிந்தாமணி ரகுநாதாச்சாரியிடம். அந்த வானாய்வகத்தில் உதவியாளராக இருந்து, 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பொதுமக்களுக்குப் புரியவைக்க உரையாடல் வடிவில் சிறுநூலும் எழுதினார். அறிவைச் சாமானியர் கையில் கொண்டுசேர்க்க நினைத்த அந்த மனிதரை நம் பிள்ளைகளுக்குத் தெரியாதிருப்பது எனக்குப் பெரிய வருத்தம். அவர் வழியிலேயே வெள்ளிக் கடப்பை ஒரு உரையாடலாக எழுதி, இரண்டு சிறுவர்களைப் பேசவைத்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மாவுக்கு என் நன்றியை எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. சிறுவன் ஒருவன் சூரியனாக மஞ்சள் தட்டைப் பிடித்து நிற்க, மற்றவன் அதன் குறுக்கே ஒரு மிளகை மெல்ல நகர்த்தினான். கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

படங்களை ஒட்டிய கல்லூரி மாணவர்கள், மின்விசிறியைச் சரிசெய்து கூலி வாங்க மறுத்த தம்பி, மூன்று நாளும் இருட்டும்வரை இருந்து கூட்டிப் பெருக்கிய அக்கா, எல்லோருக்கும் நன்றி.

படங்களைக் கழற்றிவிட்டோம். ஊசல் கடிகாரம் இங்கேயே இருக்கட்டும் என்று ஐயா சொல்லிவிட்டார். சனிக்கிழமைதோறும் அதற்குச் சாவி கொடுப்பது, அன்று கேள்வி கேட்ட அந்த மாணவி.

அன்புடன்,
உங்கள் கிளை நூலகர்