பிஸ்கட் டப்பாவுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள சபையாருக்கும் நண்பர்களுக்கும்,

நேற்று மாலை, பழுதுபார்த்து முடித்த நம் ஆலயக் குழல் ஆர்கன் மறுபடி முழுக் காற்றோடு முழங்கியது. என்ன நடந்தது என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கூடவே இருந்தவர்கள் நீங்கள். நெஞ்சு நிறைந்திருக்கும்போதே நன்றியைச் சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி, ஆலயம் பெருக்கும் அம்மாவுக்கு. ஆர்கனுக்கு அடியிலும் துருத்திக்குப் பின்னாலும் கிடந்த துணுக்குகளைக் குப்பையில் போடாமல், எடுத்த இடத்தைச் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார்கள். "இதெல்லாம் அதோட சாமான்தானே அய்யா" என்று தயங்கித் தயங்கி நீட்டினார்கள். உள்ளே தோல் மரைகள், கம்பளி வில்லைகள், நடுவே பதினொரு உலோக வளையங்கள்!

அந்த வளையங்கள் குழல்களின் உச்சி. எப்போதோ சுருதியை ஏற்றுவதற்காக வெட்டியவை. ஒரு விளிம்பு, சுருதி சேர்க்கும் கூம்பு பட்டுப் பட்டு வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. மறு விளிம்பில் கத்தரித்த பிசிறு. விட்டத்தை அளந்து, எது எந்தக் குழலுடையது என்று பொருத்திப் பார்த்தோம். நாலடிக் குழலின் வளையம் 14 மி.மீ. உயரம், இரண்டடிக் குழலினுடையது 7 மி.மீ. இரண்டுமே நீளத்தில் ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகம். சுருதிக்கு அளவுகோலான A சுரத்தை நொடிக்கு 435 அதிர்விலிருந்து 440 ஆக்க வெட்ட வேண்டிய அளவு ஏறக்குறைய அதுவேதான். 435, 1859-இல் பிரான்ஸ் சட்டமாக்கிய சுருதி. 440, 1939 லண்டன் மாநாட்டில் ஏற்றுக்கொண்டது. விகிதம் எங்கும் மாறவில்லை. அவ்வப்போது சுருதி சேர்க்கையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தால் இப்படி இருக்காது. ஒரே தடவையில் வெட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு பெரிய உபகாரம்: வெள்ளீயம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று அறிய வளையத்தையே சுரண்டிப் பார்க்க முடிந்தது. குழலைச் சுரண்டியிருந்தால் வடு நின்றிருக்கும். மற்ற வாத்தியங்களோடு சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பதால் 440-ஐ மாற்றவில்லை. கூம்பு அடித்து அடித்துக் கிழிந்துபோன உச்சிகளை மட்டும் அதே கலவையில், அதே தடிமனில் தகடு செய்து பற்றவைத்தோம்.

குழல்களைக் கைக்குழந்தைபோல் ஏந்தி இறக்கிய இளைஞர்களுக்கும், மணிக்கணக்காகக் கட்டையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கும், பழைய புகைப்படங்களைத் தேடிக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. சுருதி சேர்த்த நாட்களில் மின்விசிறியை அணைத்து, கதவைச் சாத்தி வைத்தவர்களுக்கும்தான். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் சாதாரணக் குழல்களின் சுருதி 3 சென்ட் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) அளவுக்கு ஏறிவிடும். உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் நாக்குக் குழல்கள் கூடவே வராது. புழுக்கத்தைப் பொறுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

தோல் முழுவதையும் வச்சிரப் பசையால்தான் ஒட்டியிருக்கிறோம். வெந்நீரும் சூடும் பட்டால் கழன்று கொடுக்கும். முன்பு யாரோ வெள்ளைப் பசை தடவிய இடங்களில் மரமும் பெயர்ந்துதான் தோல் வந்தது. அடுத்து வருகிறவருக்கு அந்தச் சங்கடம் வேண்டாம். இனி இதிலிருந்து கழற்றும் எதுவும், வளைந்த ஆணியே ஆனாலும், வெளியே போகாது. தேதி, ஸ்டாப் (எந்தக் குழல் வரிசை), கட்டை மூன்றையும் எழுதி உள்ளேயே வைப்போம். இது எங்கள் வாக்கு.

அம்மா, உங்கள் டப்பா துருத்திக்கு இடப்பக்கப் பலகையில் இருக்கிறது. நீங்கள் எழுதிய சீட்டுகளை அப்படியே விட்டிருக்கிறோம். இனி ஏதாவது கிடைத்தாலும் அதிலேயே போடுங்கள்.

நன்றியுடன்,
ஆர்கன் பழுதுபார்ப்புக் குழுவினர்