இராஜகோபுரத் திருப்பணி நிறைவு: அங்கத்தவர்களுக்கு அறிக்கை

அன்புடையீர்,

திருவருளால் இராஜகோபுரம், மடப்பள்ளி, அன்னதான மண்டபம் ஆகியவற்றின் திருப்பணி நிறைவெய்தி, கும்பாபிஷேகமும் மண்டலாபிஷேகமும் இனிதே நடந்தேறின. சுதை வேலையையும் வர்ணத்தையும் நேரில் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றி எழுத அதிகமில்லை. "ஐந்து நிலைக்குக் காசு சேர்த்துவிட்டு ஏன் மூன்று நிலையோடு நிறுத்தினீர்கள்?" என்று கேட்போருக்குத்தான் விளக்கம் சொல்லவேண்டியிருக்கிறது.

காரணம், கொழும்புக்குத் தெற்கே நம் அயலில் உள்ள இரத்மலானை விமான நிலையம். ஓடுபாதை முனைக்கு 60 மீற்றர் அப்பால் தொடங்கி, 50 மீற்றருக்கு 1 மீற்றர் வீதம் உயர்ந்து செல்லும் சரிவை எந்தக் கட்டடமும் துளைக்கக்கூடாது என்பது சர்வதேச விதி. அந்தச் சரிவு தொடங்கும் இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றரில் கிடைப்பது வெறும் 20 மீற்றர். விமானம் இறங்கும் பாதைக்கு விலகி இருப்போர் 45 மீற்றர் வரை எழுப்பலாம். நாம் இருப்பதோ விமானம் தாழ்ந்து வரும் வழியில். உயரத்தையும் நிலத்திலிருந்து அளப்பதில்லை. கலசத்தோடு இடிதாங்கியையும் சேர்த்துக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுகிறார்கள். ஸ்தபதியார் முழக்கணக்கில் சொல்ல, நில அளவையாளர் மீற்றரில் எழுத, வரைபடம் மூன்று முறை மாறியது.

கோபுரத்துக்குக் கிடைத்த அனுமதி கிரேனுக்குச் செல்லாது. அதற்குத் தனி விண்ணப்பம். முகூர்த்தம் நெருங்கியதால் காத்திராமல், சாரத்தில் கப்பி கட்டி, வடம் பிடித்துக் கலசங்களை ஏற்றினோம். இளைஞர்களின் உள்ளங்கை தோலுரிந்தது உண்மை. ஆனால் எல்லோரும் கைவைத்து ஏற்றிய கலசம் என்ற பெருமை கிரேனில் கிடைத்திராது. விமானிகளுக்குத் தெரியும்படி உச்சியில் சிவப்பு விளக்கு வைப்பதற்குப் பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். இடிதாங்கிக் கம்பத்திலேயே அதைப் பொருத்தியதால் கலசத்துக்குக் குறை வரவில்லை. வாணவேடிக்கையும் ட்ரோன் படப்பிடிப்பும் கைவிடப்பட்டன.

அன்னதான மண்டபத்தின் பின்னால் புதிதாகக் கட்டிய வலையடித்த அறை எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். எச்சில் இலைகளைப் பறவைகள் அண்டாமல் வைப்பதற்குத்தான். அவற்றைத் திறந்த குழியில் கொட்டிவந்த காலத்தில் மத்தியானம் ஆனதும் காகக் கூட்டம் வட்டமிடும். பறவை மோதினால் சிறிய விமானத்தின் முன்கண்ணாடியே உடையக்கூடும். அத்துடன் 1990இல் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில - அத்திடிய சதுப்பு நிலமும் அருகில்தான். நாமும் சேர்ந்து பறவைகளை அழைக்க வேண்டாமே.

"பணக்காரர் பறந்து பழகும் இடத்துக்காக நாம் ஏன் குனிய வேண்டும்?" என்று பொதுக்கூட்டத்தில் ஓர் அங்கத்தவர் கேட்டார். பயிற்சி விமானங்கள் பூசை நேரத்தில் தலைக்கு மேல் சுற்றுவது தொல்லைதான், நாதஸ்வரக்காரர் பழகிவிட்டார். ஆனால் 1935 நவம்பரில் முதல் விமானம் இறங்கிய அந்த நிலம், 1967 வரை நாட்டின் ஒரே சர்வதேச விமான நிலையமாக இருந்தது. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானம் அங்கிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் போனது. யுத்த காலத்தில் வடக்குக்குச் செல்லும் ஏ9 வீதி மூடப்பட்டிருந்தபோது, யாழ்ப்பாணத்தில் தாய் தகப்பனின் செத்தவீட்டுக்குப் போக நம்மில் எத்தனை பேர் இரத்மலானையில் வரிசையில் நின்றோம்? 1998 செப்டெம்பர் 29 அன்று யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து இங்கு வரப் புறப்பட்டு, மன்னார்க் கடலில் வீழ்ந்த விமானத்தில் 55 பேர் மாண்டனர். அந்த நாளில் மோட்ச தீபம் ஏற்றும் ஆலயம், விமான நிலையத்தை அந்நியமாக எண்ண முடியாது என்பது சபையின் கருத்து. இன்று நம் பிள்ளைகள் சிலர் அங்கே விமானப் பராமரிப்பும் படிக்கிறார்கள்.

வரவு செலவு அறிக்கை வசந்த மண்டபச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது; பற்றுச்சீட்டுகளை அலுவலகத்தில் பார்வையிடலாம். ஆட்சேபனைகளை எழுத்தில் தரவும். ஐந்து நிலைக்கெனச் சேர்ந்ததில் மீந்த பணத்தை என்ன செய்வது என்பதைப் பொதுக்கூட்டமே தீர்மானிக்க வேண்டும். மின்சாரம் தடைப்பட்டாலும் சிவப்பு விளக்கு எரியவேண்டுமாதலால் ஒரு மின்கலத் தொகுதி தேவை. அதற்கு உபயம் செய்ய விரும்புவோர் பொருளாளருடன் தொடர்புகொள்ளவும்.

திருப்பணிச் சபையினர்