கண்ணாஸ்பத்திரி ஸ்டாப்பிங்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள கதிர்,

இங்கே எல்லோரும் நலம். நீ, தங்கச்சி மீனா, பேரன் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன்னிடம் எதையாவது ஆரம்பித்தால் பாதியிலேயே "சரி சரி, பார்த்துக்கலாம்" என்று ஓசூர் டிராபிக்குக்குத் தாவிவிடுவாய். கடிதம் என்றால் கடைசி வரி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் செய்தி. ஒல்லி பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டான். முதலாளியோடு சண்டை கிண்டை எதுவும் இல்லை. கண்.

போன மாதம் கெடிலம் பாலத்துக்கு இந்தப் பக்கம் டிவிஎஸ்ஸில் வந்தவன், இடப்பக்கம் நின்ற இளநீர் வண்டியில் போய் இடித்தான். பட்டப்பகல். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. இளநீர்க்காரர் "காலையிலேயே போட்டுட்டு வரியா?" என்று கேட்டாராம். ஒல்லியை! இருமல் மருந்து குடித்தாலே தலை சுற்றுகிறது என்பவனை! பஸ் ஸ்டாண்டு முழுக்க ஒரு வாரத்துக்கு இதே சிரிப்பு. அப்புறம் அவன் கண்டக்டர் பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சித்தப்பா, அண்ணன் கொஞ்ச நாளா சைடு மிரரைப் பார்க்கத் தலையையே முழுசாத் திருப்புறாரு" என்றான். அவன் வண்டியில் காலை நேரத்தில் எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறும் என்பது உனக்கே தெரியும். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே அவனை இழுத்துக்கொண்டு தவளக்குப்பம் அரவிந்த் கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். வேடிக்கையைக் கேள். அந்த ஆஸ்பத்திரி 2003-ல் திறந்த நாளிலிருந்து "கண்ணாஸ்பத்திரிலாம் இறங்கு" என்று அவன் பஸ்ஸில் சத்தம் போடாத நாள் இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட பாட்டிகள் ஏறும்வரை பிரேக்கில் காலை வைத்துக் காத்திருப்பான். ஆனால் அந்த கேட்டுக்குள் ஒருநாளும் நுழைந்ததில்லை.

எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார்கள். கடைசி வரிக்கு முந்தைய வரி வரைக்கும் கடகடவென்று வாசித்துவிட்டு, "பார்த்தியா, சும்மா கூட்டிட்டு வந்துட்டே" என்கிற மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தான். அதற்கப்புறம் மஞ்சள் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் கண்ணின் அழுத்தம் பார்த்தார்கள். 10-லிருந்து 21 வரை இருந்தால் சாதாரணம் என்பார்கள். இவனுக்கு இடது 34, வலது 28. உடனே இன்னொரு அறை. மெஷினுக்குள் முகத்தை வைத்து நடுவில் இருக்கும் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் எங்காவது பொட்டு வெளிச்சம் மின்னினால் கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும். அச்சாகி வந்த தாளில் இடது கண்ணுக்கு நடுவில் கொஞ்சம் வெள்ளை, மிச்சமெல்லாம் கறுப்பு. வலது கண்ணில் மேல் பக்கம் அரித்துவிட்டிருந்தது. கிளாக்கோமா.

அந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள்ளே ஒரு நீர் சுரந்துகொண்டே இருக்கிறது. அழும்போது வரும் கண்ணீர் வேறு, இது வேறு. கருவிழிக்குப் பின்னால் சுரந்து, நடுவிலுள்ள கண் பாப்பா வழியாக முன்னே வந்து, ஓரத்திலுள்ள வடிகாலில் வடிந்துவிடும். மழைக்காலத்தில் நம் தெரு வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் திண்ணை வரைக்கும் ஏறுமே, அந்த மாதிரி வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் உண்டு. அவை ஒவ்வொன்றாகச் சாகும். வலி கிடையாது, கண் சிவக்காது. முதலில் போவது ஓரப் பார்வை. அதுவும் கறுப்பாகத் தெரிந்துவிடாது. மூளை அக்கம்பக்கத்துக் காட்சியை வைத்து ஓட்டையை நிரப்பிக்கொள்ளும். ஒரு கண் விட்டதை இன்னொரு கண் ஈடுகட்டும். நேர்ப்பார்வை கடைசி வரை தாக்குப்பிடிப்பதால் பலகையை வாசித்துவிடலாம். பேப்பர் படிக்கலாம், டிவி பார்க்கலாம். இளநீர் வண்டி மட்டும் தெரியாது.

எனக்கு வயிறு எரிவது இங்கேதான். வருஷா வருஷம் ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து பிரேம் மாற்றிக்கொண்டிருந்தான். ஒருவரும் அழுத்தம் பார்க்கவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கச் சான்றிதழ் கொடுத்தவரும் பலகையை வாசிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நாற்பது வயதைத் தாண்டியவனிடம் அழுத்தமும் நரம்பும் பார்த்துக்கொள் என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்?

நம் ஊரில் கண் மங்குகிறது என்றாலே ஒரே பதில்தான்: "புரை விழுந்திருக்கும், முத்தட்டும், எடுத்துக்கலாம்." எங்கள் அம்மாவையே எடுத்துக்கொள். ஒருநாள் திடீரென்று கண்ணாடி இல்லாமல் தினத்தந்தி படிக்க ஆரம்பித்தாள். முருங்கைக்கீரை மகிமை என்று தெரு முழுக்கப் பெருமை. உண்மையில் லென்ஸ் இறுகிப் பழுக்கும்போது கிட்டப்பார்வை வந்து, அருகில் உள்ளது கொஞ்ச காலம் தெளிவாகத் தெரியுமாம். புரை வருவதற்கான அறிகுறி அது. வயது, சர்க்கரை, அடிபட்டது, ஸ்டீராய்டு, வெயில், புகை என்று அதற்குக் காரணங்கள் பல. ஆனால் லென்ஸை மாற்றினால் பார்வை திரும்பிவிடுகிறது. அம்மா இப்போது என் மனைவி தேய்த்த பாத்திரத்தில் கறை கண்டுபிடிக்கிறாள். என் நிலைமையை நீயே யோசித்துக்கொள்.

(இதை எழுதும்போது டாக்டர் வெங்கடசாமி ஞாபகம் வருகிறார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்தக் கையாலேயே ஆயிரமாயிரம் புரை ஆபரேஷன். வேலையில் ஓய்வு பெற்று 1976-ல் இந்த ஆஸ்பத்திரியை மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கி, நம் பாண்டிச்சேரி அரவிந்தர் பேரை வைத்தார். 1992-ல் அவர்களுடைய லென்ஸ் தொழிற்சாலை ஆரோலேப் வந்து லென்ஸை அங்கேயே செய்து விலையை இறக்கியிராவிட்டால் எங்கள் அம்மா மாதிரி ஆட்களுக்கு ஏது லென்ஸ்? சரி, நம் கதைக்கு வருகிறேன்.)

காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தால் நம் மாவட்டமே அங்கே இருக்கிறது. தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவருக்கு மூக்குப் பக்கத்திலிருந்து சதை முக்கோணமாக வளர்ந்து கருவிழி மேல் ஏறியிருந்தது. கடல் வெயிலும் காற்றும் உப்பும் செய்கிற வேலை. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டுகிற பெண்மணி ஒருவர், கரும்புச் சோகை கீறிய கண்ணில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு இலைச் சாறு பிழிந்திருக்கிறார். பிறகு மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து. காயத்தில் பூஞ்சை பிடித்துக்கொண்டால் அந்த ஸ்டீராய்டு சொட்டு தீயில் எண்ணெய்தான். கருவிழியில் வெள்ளையாகப் புண். என் வயதுதான் இருக்கும். அவர் மகள் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

போனதுதான் போனோம் என்று நானும் காட்டிக்கொண்டேன். எனக்குத்தான் சர்க்கரை உண்டே. பாப்பா விரிய மருந்து விட்டு விழித்திரை பார்த்தார்கள். சர்க்கரை அங்கேயுள்ள மெல்லிய ரத்தக் குழாய்களைக் கெடுத்து, கசிந்து, சிலருக்கு ரத்தமே கொட்டும் வரைக்கும் சும்மா இருக்குமாம். எனக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் வரை வெயிலில் கண் கூசி ஆந்தை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உன் விஷயம். சிரிக்காமல் படி.

டாக்டரம்மா ஒல்லியிடம் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் யாருக்காவது இருந்ததா?" கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டிவரச் சொன்னார். ரத்த சம்பந்தம் உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அவர் சொல்லச் சொல்ல எனக்கு உன் அப்பா முகம்தான் கண்ணில் நின்றது. கடைசி வருஷங்களில் எதிரே நின்றால் "வாடா பாஸ்கரா" என்பார். பக்கத்தில் இருக்கும் தம்ளரைத் தட்டிவிடுவார். உங்கள் வீட்டு நடையில் சுவரைத் தடவிக்கொண்டே போவார். புரை ஆபரேஷன் ஆகியும் பார்வை வரவில்லை. ஆபரேஷன் சரியில்லை என்று ஊரும் பேசியது, நீயும் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறாய். நான் டாக்டர் இல்லை, அது என்னவென்று இப்போது யாரும் சொல்லவும் முடியாது. ஆனால் அவர் நடந்த விதமும் ஒல்லி அன்று மாடிப்படி இறங்கிய விதமும் ஒன்றுடா கதிர்.

அதனால் நீ போக வேண்டும். அதே ரத்தம்தானே, கோமதியையும் போகச் சொல். "எனக்கு ஊசியில் நூல் கோர்க்கத் தெரியுதே" என்று ஆரம்பிக்காதே. ஒல்லிக்கும் தெரிந்தது. உனக்கு இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. வீசிங்குக்காக நீ ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கிய காலங்கள் உண்டு. சிலருக்கு அதனாலேயே அழுத்தம் ஏறும் என்கிறார்கள். அதை மறக்காமல் டாக்டரிடம் சொல். ஒருவேளை சொட்டு மருந்து எழுதினால் வீசிங் உண்டு என்பதை அதற்கு முன்னாலேயே சொல்லிவிடு. டிமோலால் என்று ஒரு மருந்து, ஆஸ்துமாக்காரனுக்கு மூச்சைப் பிடித்துவிடும். கண்ணில் விடுவதுதானே என்று நினைக்காதே, உடம்புக்குள் போகிறது. அழுத்தம் 21-க்குள் இருந்தாலும் சிலருக்கு நரம்பு தேயும். நரம்பையும் பார்த்தால்தான் ஆயிற்று என்று நீயே கேள்.

இன்னொரு வகையும் உண்டு. அது சத்தம் போட்டுக்கொண்டு வரும். வடிகால் ஒரேயடியாக மூடி, கண்ணில் தாங்காத வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். பித்தம் என்று சுக்குக் கஷாயம் குடித்துப் படுத்துவிடக் கூடாது, அன்றைக்கே ஓட வேண்டும்.

போன பார்வை வராது. இருப்பதைக் காப்பாற்றலாம், அதற்கும் தினம் மருந்து விட வேண்டும், ஆயுசுக்கும். ஒல்லி இப்போது ஒழுங்காக விடுகிறான். சொட்டு விட்டுக் கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் அழுத்திக்கொண்டு உட்காருவான். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிஷம் இடைவெளி. சாவியைக் கொடுத்த அன்று மட்டும் டெப்போ பக்கம் நின்று அழுதானாம். நான் அப்போது இல்லை, கண்டக்டர் பையன் சொன்னான். முதலாளி நல்ல மனுஷன். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக வைத்துக்கொண்டார். அரை நிமிஷம் பிந்தினாலும் டிரைவர்களைப் பிடித்து உலுக்குகிறான்.

பரிசோதனைக்குப் போகும் அன்று நீ வண்டி ஓட்டாதே, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. இந்தக் கடிதத்தை மீனாவிடமும் கொடு, உன்னை மட்டும் நம்பி அனுப்பவில்லை. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. "நார்மல்" என்று ஒரு வார்த்தை டைப் பண்ணி ஏமாற்றாதே. இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக எண் வேண்டும்.

அன்புடன்,
பாஸ்கரன்