நூலகத்தில் பூங்கா அனுமதியும் தூண்டிலும் கிடைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறையில் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம், எவ்வளவு செலவாகும் என்று சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் ஒரு நாள் வாகனக் கட்டணத்தைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கட்டணத்தைக் கட்டாமல் பூங்காவுக்குப் போவதற்கும் வழி இருக்கிறது. மாகாணத்தின் பல ஊர்களில் பொது நூலகங்கள் பூங்கா அனுமதி அட்டையை இரவல் கொடுக்கின்றன. நூலக அட்டை உள்ள எவரும் புத்தகம் எடுப்பதுபோல எடுக்கலாம்.

நான் டர்ஹம் பகுதியில் இருக்கிறேன். இரண்டு பேரப்பிள்ளைகள். மகளும் மருமகனும் முறை மாறி மாறி வேலைக்குப் போகிறவர்கள். அல்கொன்குவின் பூங்கா போன்ற கூட்டம் சேரும் இடங்களில் ஒரு காருக்கு ஒரு நாளைக்கு 20 டொலருக்கு மேல் கேட்கிறார்கள். பெற்றோலும் சாப்பாடும் வேறு. மாதம் இரண்டு தரம் போக நினைத்தாலே கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. நூலக அனுமதி கையில் இருந்தால் நுழைவுச் செலவு இல்லை. அட்டையைக் காரின் முன்கண்ணாடிக்குள் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும், அவ்வளவுதான். காரில் வருகிற எல்லோருக்கும் அது போதும். ஆள் கணக்கில் காசு இல்லை.

சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அந்த அனுமதி பகல் நேரத்துக்கு மட்டும்தான், கூடாரம் அடித்துத் தங்குவதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். அட்டை கையில் இருந்தாலும் உள்ளே இடம் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. யூலை, ஓகஸ்ட் சனிக்கிழமைகளில் சில பூங்காக்கள் காலையிலேயே நிரம்பிவிடும். முன்பதிவு கேட்கும் பூங்கா என்றால், இரவல் அனுமதி அட்டையை வைத்துக்கொண்டு எப்படிப் பதிவது என்று அதை எடுக்கும்போதே நூலக ஊழியரிடம் கேட்டுவிடுங்கள். கோடையில் அட்டைக்கும் காத்திருக்க நேரிடும். எனக்குப் பிடித்தது மே மாதமும் செப்டெம்பர் கடைசியும்தான். மே மாதத்தில் பிரைட்டன் பக்கம் உள்ள பிரெஸ்கீல் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். தெற்கிலிருந்து திரும்பி வரும் பறவைகள் ஏரிக்கரையில் தங்கி இளைப்பாறும் இடம் அது. நூலகத்தில் பைனாகுலரும் இரவல் கிடைத்தால் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகலாம். கழுத்தில் மாட்டிவிட்டால் ஆறு வயதுப் பிள்ளைகூட தொலைபேசியைக் கேட்காமல் மரங்களையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

அடுத்தது தூண்டில். ஒன்ராறியோவில் மீன்பிடி, வேட்டைச் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்தும் 'டக்கிள்ஷெயார்' என்ற திட்டத்தின்கீழ் சில நூலகங்களிலும் பூங்காக்களிலும் தூண்டில் இரவல் கொடுக்கிறார்கள். தடி, நூல் சுற்றிய உருளை, கொக்கியும் மிதவையும் போட்ட சிறு பெட்டி என்று எல்லாம் சேர்த்தே தருவார்கள். எங்கள் ஊரில் கடலோரத்தில் வளர்ந்த ஆண்கள் கனபேர் இங்கே வந்து இருபது முப்பது வருடமாகத் தூண்டிலைத் தொடவே இல்லை. அவர்கள் பேரப்பிள்ளைக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுப்பதைப் பார்க்க எனக்கு ஆசை. ஆனால் தூண்டில் இரவல் கிடைத்தால் உரிமமும் கிடைத்ததாகிவிடாது. 18 வயதிலிருந்து 64 வரை உள்ளவர்கள் மீன்பிடி உரிமம் எடுக்க வேண்டும். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், பெயரும் பிறந்த திகதியும் உள்ள அரசாங்க அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தால் சரி. எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம் என்ற கட்டுப்பாடு அவர்களுக்கும் உண்டு. அன்னையர் தினம், தந்தையர் தினம் வரும் வார இறுதிகளில் இங்கு வசிப்பவர்கள் உரிமம் இல்லாமலே பிடிக்கலாம்.

தண்ணீருக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் உயிர்காப்பு அங்கியை மறக்க வேண்டாம். அதைப் பல மாகாணப் பூங்காக்களே இரவல் தருகின்றன. கேட்டால் எடுத்துத் தருவார்கள். பிள்ளையின் எடைக்குப் பொருந்துகிறதா என்று அங்கேயே போட்டுப் பார்த்து, தோள்ப்பக்கம் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறி வந்தால் சிறியதாக வேறு கேளுங்கள். நீரில் மூழ்கிய இளம் பிள்ளைகளின் மரண அறிவித்தலைக் கோடையில் உங்கள் பத்திரிகையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

கார் இல்லாத குடும்பங்களுக்கு வாகன அனுமதியால் பயனில்லை. புதிதாக வந்தவர்களில் பலருக்கு அதுதான் நிலைமை. பஸ் ஏறிப் போகக்கூடிய பூங்காக்களுக்கும், அங்கே போவதற்கான பஸ் அட்டைக்கும் நூலகங்கள் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போதைக்கு ஸ்காபரோவில் இருக்கும் ரூஜ் தேசிய நகரப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. அங்கே பஸ்ஸிலும் போகலாம்.

இதையெல்லாம் சொன்னால், 'அது வசதி இல்லாத சனத்துக்குக் கொடுக்கிறதல்லோ' என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. நூலகம் நடப்பது பெரும்பாலும் நாங்கள் கட்டும் நகரசபை வரியில். வீட்டுக்காரரானாலும் வாடகைக்கு இருப்பவரானாலும் அதில் எங்கள் பங்கு இருக்கிறது. வருமானம் எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை.

உண்மையான தடை, விஷயம் எங்கள் ஆட்களின் காதுக்கு எட்டாததுதான். நான் போகும் நூலகத்தில் தமிழ்ப் புத்தக அடுக்கு ஒரு மூலையில் இருக்கிறது, இந்த அறிவித்தல் வேறொரு மூலையில் ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டியிருக்கிறது. வாராவாரம் தமிழ்ப் புத்தகம் எடுக்க வரும் முதியவர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. அடுக்கின் மேலேயே தமிழில் ஒரு தாள் ஒட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மற்ற ஊர்களில் உள்ள வாசகர்களும் தங்கள் நூலகத்தில் கேட்டால் நல்லது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் மாதத்தில், எந்த ஊர் நூலகம் என்னென்ன இரவல் தருகிறது, எத்தனை நாளைக்கு, பிந்தினால் தண்டம் எவ்வளவு என்று கால் பக்கத்தில் போடுங்கள். நூலகங்களுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுத் தொகுத்துத் தர என்னால் முடியும். டர்ஹம் பகுதிக்கு இந்த மாதமே தொடங்குகிறேன். மார்க்கம், பிரம்ப்டன் பக்கம் இருப்பவர்கள் யாராவது கைகொடுத்தால் உங்கள் அலுவலகம் மூலம் என்னோடு தொடர்புகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டர்ஹம் பகுதி, ஒன்ராறியோ