மாரிக்கு முன் தண்டவாளம், பொங்கலுக்குப் பின் இயந்திரம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

வீட்டு வளவில் சிறு புகையிரதம் ஓடவிட வேண்டும் என்று எங்கள் கடைக்கு வருபவர்கள் முதலில் விலை கேட்பது இயந்திரத்துக்குத்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் அது நிற்பதைப் பிள்ளை ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு வீட்டுக்குத் திரும்பும் பேச்சே இராது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் இந்த ஆவணியிலிருந்து கடையில் ஓர் ஒழுங்கை வைத்திருக்கிறோம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இப்போது தண்டவாளத்தையும் பாதை போடத் தேவையான பொருட்களையும் மட்டுமே தருவோம். இயந்திரத்தையும் பெட்டிகளையும் உங்கள் பெயரில் எடுத்து வைத்து, தைப்பொங்கல் கழிந்த பின் உங்கள் வளவுக்கு வந்து பாதையைப் பார்த்துவிட்டுக் கையளிப்போம். "காசு தருகிறோம், பொருளும் கடையில் இருக்கிறது, பிறகென்ன?" என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நின்று பதில் சொல்லக் கடையில் நேரம் போதவில்லை. அதனால் எழுதுகிறோம்.

நாங்கள் விற்பது 45 மில்லிமீற்றர் அகலப் பாதை, அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவு. 1968இல் ஜெர்மனியின் நியூரம்பேர்க் நகரத்து லேமன் நிறுவனம் எல்.ஜி.பி. என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்து, உலகெங்கும் தோட்டங்களில் பரவிய அதே அளவு. பித்தளைத் தண்டவாளம், அதைக் குறுக்காகத் தாங்கும் கட்டையான சிலிப்பர் வெயில் தாங்கும் பிளாஸ்டிக். மழையில் நனைவதற்கென்றே செய்த பொருள் என்பதால் அதைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் அதற்குக் கீழே இருக்கும் மண்ணைப் பற்றியது.

மட்டக்களப்பில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கல்லடி, ஆரையம்பதி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் எழுவான்கரை மண் வெறும் மணல். மேலே விழும் தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும், அது நன்மை. ஆனால் கூரையிலிருந்து ஒழுகும் நீர் ஒரே கோட்டில் விழுந்து மணலைக் குடைந்து கொண்டுபோகும். மார்கழியில் கிணற்று நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வரும்போது அடிமணலும் இளகிவிடும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறை வயற்புறங்களிலும் நிலைமை நேர்மாறு. அங்கே களி கலந்த மண் மழையில் ஊதி, கோடையில் வெடிக்கும். ஒரே பாதையை இரண்டு கரையிலும் ஒரே விதமாகப் போட முடியாது.

இந்தச் சிறு வண்டிச் சில்லின் விளிம்பு மூன்று மில்லிமீற்றர் அளவே ஆழமானது. ஒரு பக்கத் தண்டவாளம் ஐந்து மில்லிமீற்றர் தாழ்ந்தாலே பெட்டி தடம் புரளப் போதும். புதிதாகப் போட்ட பாதை முதல் மாரியில் எங்காவது தாழத்தான் செய்யும். எவ்வளவு கவனமாகப் போட்டாலும் தாழும். எங்கே என்பதை மழை வந்த பிறகே அறியலாம். இயந்திரம் கையில் இருந்தால் எவருக்கும் பொறுமை இராது. பாதை சரிந்திருந்தாலும் பிள்ளைகளுக்காக ஓட்டுவோம், அது விழும், பற்சில்லு உடையும். விலை கூடிய பொருள் அதுதான். இயந்திரம் வீட்டில் இல்லாவிட்டால் தாழ்ந்த இடத்தைத் தூக்கி, அடியில் சல்லி செருகி, திரும்ப மட்டம் பார்க்க மனம் வரும். பெரிய புகையிரதப் பாதையில் வேலையாட்கள் காலம் காலமாகச் செய்து வருவதும் இதைத்தான். சிலிப்பருக்கு அடியில் கல்லை இறுக்கி இறுக்கித்தான் பாதையை நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள்.

எழுவான்கரைக்காரர்கள் பதினைந்து சென்ரிமீற்றர் ஆழத்திலும் அதைவிடச் சற்றுக் கூடிய அகலத்திலும் வாய்க்கால் போல வெட்டுங்கள். கூரைத் தண்ணீர் விழும் கோட்டிலிருந்து குறைந்தது அரை மீற்றர் விலகியிருக்கட்டும். மணலும் கல்லும் கலக்காதபடி அடியிலும் ஓரங்களிலும் துணி விரியுங்கள். பழைய உரப்பையைப் பிரித்துப் போட்டாலும் போதும், வெயில் படாவிட்டால் அது கனகாலம் கிடக்கும். அரை அங்குலக் கருங்கல் சல்லியை நிரப்பி இடித்து இறுக்கி, மேலே ஐந்து சென்ரிமீற்றருக்கு நுண்சல்லியும் கல்தூளும் போடுங்கள். கடற்கரை உருண்டைக் கற்கள் பார்க்க அழகு. ஆனால் ஒன்றோடொன்று கவ்வாது, முதல் மழைக்கே உருண்டுவிடும். முனை உடைந்த கல்தான் பிடிக்கும். உண்மையான பாதையில் கிடக்கும் கல்லை நம் அளவுக்குக் குறைத்தால் இரண்டு மில்லிமீற்றர்தான் வரும். நம் மழைக்கு அது நில்லாது. மேலே போடும் நுண்சல்லிக்கு நாலு முதல் ஆறு மில்லிமீற்றர் கல்லைக் கேட்டு வாங்குங்கள்.

படுவான்கரையில் தரையோடு பாதை போட வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சீமெந்துக் கல் அடுக்கி, அரை மீற்றருக்குக் குறையாத உயரத்தில் கொங்கிறீட் தட்டின் மேல் போடுங்கள். செலவு கூடும். ஆனால் கதிரையில் இருந்தபடியே முதியவர்களும் ஓட்டலாம், நாய், கோழி ஏறாது. பலகை மட்டும் வேண்டாம், கறையான் தின்றுவிடும்.

தண்டவாளத்தைத் தரையோடு இறுக்கிப் பூட்டாதீர்கள். சல்லிக்குள் மிதக்க விடுங்கள். பித்தளை வெயிலில் நீளும். முப்பது பாகை வெப்பம் கூடினால் பத்து மீற்றர்ப் பாதை ஏறக்குறைய ஆறு மில்லிமீற்றர் வளரும். அதற்கு இடம் இல்லாவிட்டால் நேர்ப்பாதை பாம்பாக நெளிந்துவிடும். ஒன்றரை மீற்றர்த் துண்டுகளுக்கிடையில் ஒரு மில்லிமீற்றர் விடுங்கள். அது விடியற்காலையில் பூட்டுபவர்களுக்குச் சரியான கணக்கு. மத்தியான வெயிலில் பூட்டினால் அவ்வளவு விடத் தேவையில்லை.

வளைவை இயன்றவரை அகலமாக எடுங்கள். தொடக்கத் தொகுதியோடு வரும் வளைவுத் துண்டுகள் அறுபது சென்ரிமீற்றர் ஆரம் கொண்டவை. சிறிய இயந்திரம் அதில் திரும்பும், நீண்ட பயணிகள் பெட்டி திரும்பும்போது பார்க்கச் சகிக்காது. ஒன்றேகால் மீற்றர் ஆரம் கிடைத்தால் நல்லது. ஏற்றம் நூற்றுக்கு இரண்டைத் தாண்ட வேண்டாம். ஒரு பாதையின் மேலால் இன்னொன்றைக் கடக்க 25 சென்ரிமீற்றர் உயரம் தேவையென்றால் அந்தக் கணக்கில் ஏறுவதற்கே பன்னிரண்டரை மீற்றர் வேண்டும். அத்தனை நீளம் எல்லா வளவுகளிலும் இல்லை. நமது பாதையும் மலைப்பாதை அல்லவே. 1928 முதல் மட்டக்களப்புக்கு வரும் பாதை வயலும் காடும் ஆறும் கடந்து சமவெளியில் வருவது. மலை கட்டும் உழைப்பைப் பாலத்தில் போடுங்கள். மன்னம்பிட்டியில் மகாவலியின் மேல் புகையிரதமும் பஸ்ஸும் ஒரே இரும்புப் பாலத்தில் மாறி மாறிப் போன காலம் பலருக்கும் நினைவிருக்கும். 2007இல் புதிய வீதிப் பாலம் திறக்கும் வரை அப்படித்தான். அந்தப் பாலத்தைச் செய்ய விரும்பும் எவருக்கும் அளவு பார்த்துக் கம்பி வெட்டித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

பலர் கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் ஓடும் புகையிரதத்தின் பெயரைச் சொல்லி "உதயதேவி வேண்டும்" என்று கேட்கிறீர்கள். எங்களுக்கும் அதே ஆசைதான். ஆனால் அளவை விளங்கிக்கொள்ளுங்கள். நமது நாட்டுப் பாதையின் அகலம் ஐந்தரை அடி, அதாவது 1676 மில்லிமீற்றர். அதை 45 மில்லிமீற்றருக்குச் சுருக்கினால் 37இல் ஒரு பங்கு. கடையில் இருக்கும் இயந்திரங்களோ ஐரோப்பாவின் ஒரு மீற்றர் அகலப் பாதையைப் பார்த்து 22.5இல் ஒரு பங்காகச் செய்தவை. ஆகவே 1954 முதல் இங்கே ஓடும் கனடா டீசல் இயந்திரத்தைச் சரியான அளவில் செய்தால் அது தொடக்கத் தொகுதியோடு வரும் வண்டிகளுக்குப் பக்கத்தில் குள்ளமாக நிற்கும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். தெரிவு செய்த பின் நிலையம், ஆட்கள், வீடு எல்லாவற்றையும் அதே அளவில் செய்யுங்கள். வாங்கிய வண்டிக்கு நம் நிறம் பூசி ஓட்டுவது பிழை என்று நாங்கள் நினைக்கவில்லை.

மின்சாரத்தைப் பற்றி மாற்றமில்லாத ஒரு முடிவு. கடலுக்குக் கிட்டிய வீடுகளுக்குத் தண்டவாளம் வழியாக மின்சாரம் ஓடும் தொகுதியை இனி விற்க மாட்டோம். உப்புக்காற்றில் பித்தளை பச்சை பிடிக்கும். ஒவ்வொரு முறையும் பாதை முழுவதையும் தேய்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டியிருக்கும், பிள்ளைகள் சலித்துப்போவார்கள். பற்றரியும் கைக்கட்டுப்பாட்டுக் கருவியும் உள்ள வண்டிக்குத் தண்டவாளம் பச்சையாக இருந்தால் என்ன? ஓட்டி முடிந்ததும் பற்றரியைக் கழற்றி நிழலில் வையுங்கள். கடலுக்குத் தள்ளி உள்ள பக்கம் மின்பாதை வைத்திருப்பவர்கள் மின்மாற்றியை விறாந்தைக்குள் மட்டுமே வைக்க வேண்டும். தண்டவாளத்துக்குப் போவது இருபது வோல்ற்று அளவில்தான், தொட்டால் ஆபத்தில்லை. சுவரிலிருந்து வருவது 230 வோல்ற்று. அந்த வயரை ஈர முற்றத்துக்கு இழுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள்.

தென்னைக்குக் கீழே பாதை வேண்டாம், காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. அறுகம்புல்லைப் பாதைக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்துங்கள், வேர் சல்லிக்குள் புகுந்தால் எடுப்பது பெரும்பாடு. துளசியும் குட்டை இக்சோராவும் இந்த அளவில் மரம் போலவே தோன்றும். கடற்கரை வளவுகளில் நண்டு துளையிட்டால் துளைக்குள் சல்லியைத் திணித்து மூடுங்கள்.

கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு சொல். பெரிய பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது, உங்கள் ஊர்களுக்குப் புகையிரதம் இல்லை. உங்கள் பிள்ளைகள் தினமும் பார்க்கப்போகும் முதல் புகையிரதம் உங்கள் வளவில் ஓடுவதாகவே இருக்கும். ஆகையால் அம்பாறை மாவட்டத்துக்கு வந்து பாதை பார்ப்பதற்கு நாங்கள் போக்குவரத்துச் செலவு கேட்பதில்லை.

புரட்டாதி முடிவதற்குள் வாருங்கள். வரும்போது வளவின் நீள அகலத்தையும், கிணறு, தென்னை, கூரை விளிம்பு இருக்கும் இடங்களையும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் ஒரு தாளில் கீறிக்கொண்டு வாருங்கள். அதைப் பார்த்து எத்தனை துண்டு தண்டவாளம், எத்தனை மூட்டை சல்லி என்று அங்கேயே கணக்கிட்டுத் தருவோம். இயந்திரத்துக்கு முற்பணம் தேவையில்லை, பெயரை மட்டும் பதிந்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்,
மட்டக்களப்பு