மெகாவாட்டுக்குப் பின்னால் ‘மணி’ எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

‘இந்த நிலையத்தில் நாளொன்றுக்கு 50 மெகாவாட் மின்சாரம் உற்பத்தியாகும்’ என்ற மாதிரியான வாக்கியம் மின் செய்திகளில் அடிக்கடி வருகிறது. அதைப் படித்து நிலையம் எவ்வளவு பெரியது என்று யாராலும் சொல்ல முடியாது. நிலையத்தின் திறன் 50 மெகாவாட் என்றால், நாள் முழுக்க முழு அளவில் ஓடினால் 1,200 மெகாவாட்-மணி (மெகாவாட்டை ஓடிய மணி நேரத்தால் பெருக்கியது), அதாவது 12 லட்சம் யூனிட் கிடைக்கும். நாளுக்குக் கிடைப்பதே 50 மெகாவாட்-மணிதான் என்றால் அது வெறும் 50,000 யூனிட். அதற்கு இரண்டு மெகாவாட்டுக்குச் சற்று கூடுதலான நிலையம் போதும். இரண்டுக்கும் 24 மடங்கு வித்தியாசம். அச்சுப்பிழை என்று கண்டும் காணாமல் போய்விட முடியாது.

குழப்பத்துக்குக் காரணம் வாட் என்ற அலகின் அமைப்பே. ஆற்றலையும் வேலையையும் ஜூலில் அளக்கிறோம். ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் செய்த வேலை ஏறக்குறைய 9.8 ஜூல். நொடிக்கு ஒரு ஜூல் வீதம் செலவானால் அந்தத் திறன் ஒரு வாட். ‘மணிக்கு 60 கிலோமீட்டர்’ என்பதில் நேரம் வெளியே தெரிகிறது. வாட்டில் அது உள்ளே ஒளிந்திருக்கிறது. அதனால்தான் ‘மணிக்கு 500 மெகாவாட்’ என்று இன்னொரு முறை நேரத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். புயல் செய்திகளில் ‘மணிக்கு 50 நாட்’ என்று வருவதும் இதே தவறுதான். நாட் என்பதே மணிக்கு ஒரு கடல் மைல்.

மின்வாரியம் கணக்கெடுக்கும் யூனிட், கிலோவாட்-மணி. 1,000 வாட் கருவி 3,600 நொடி ஓடினால் 36 லட்சம் ஜூல். அதுதான் ஒரு யூனிட். திறனும் ஆற்றலும் எங்கே பிரிகின்றன என்பதைக் குளியலறைக் கீசரிலேயே பார்க்கலாம். 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 19 லட்சம் ஜூல், அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல் வேண்டும். 2 கிலோவாட் கீசர் இதை 16 நிமிடத்தில் செய்யும், 3 கிலோவாட் கீசர் பத்தரை நிமிடத்தில் முடித்துவிடும். மீட்டரில் ஏறுவது இரண்டிலும் ஒன்றே. ‘3 கிலோவாட் கீசர் வாங்கினால் பில் எகிறும்’ என்று அறிவுரை சொல்லும் பக்கங்கள் திறனையும் ஆற்றலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன. பெரிய கீசருக்குத் தடித்த வயரும் தாங்கக்கூடிய பிளக்கும் வேண்டும் என்பது வேறு விஷயம். அங்கேதான் கிலோவாட் கணக்கு முக்கியம்.

மோட்டாருக்கும் இதே கணக்குதான். ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் 60 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது, 1,000 லிட்டர் தொட்டியை நிரப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தூக்கும் வேலை மட்டும் 5.9 லட்சம் ஜூல், சுமார் 0.16 யூனிட். மோட்டாரும் பம்பும் சேர்ந்து நூற்றுக்கு நாற்பது பங்கைத்தான் தண்ணீருக்குக் கொடுக்கின்றன என்றால் மீட்டரில் 0.4 யூனிட் ஏறும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: மோட்டாரில் எழுதியிருக்கும் 1 எச்.பி. (குதிரைத்திறன்), அதாவது 746 வாட், மோட்டாரின் சுழலும் தண்டில் கிடைக்கும் திறன். லைனிலிருந்து அது இழுப்பது ஒரு கிலோவாட்டுக்கு மேல். எச்.பி.யை நேரடியாக 746 ஆல் பெருக்கி மின் செலவு கணக்கிட்டால் குறைவாகத்தான் வரும்.

சூரிய மின்சாரச் செய்திகளில் இந்தப் பிழையால் பெரிய தவறான முடிவுக்கே வந்துவிடுகிறோம். கமுதி சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். கூடங்குளத்தில் ஓர் உலையின் திறன் 1,000 மெகாவாட். ஆகவே கமுதி அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று தோன்றும். ஆனால் உலை முழு அளவில் ஓடும் நாளில் 2.4 கோடி யூனிட் தரும். சூரியத் தகடு நம் ஊரில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 யூனிட்தான் தரும். அந்தக் கணக்கில் 648 மெகாவாட்டுக்கு 26 முதல் 32 லட்சம் யூனிட். ஆற்றலில் ஒப்பிட்டால் எட்டில் ஒரு பங்கு அளவுதான். இது சூரிய மின்சாரத்தைக் குறை சொல்வதற்கில்லை, அதன் கிலோவாட் அப்படிக் குறிக்கப்படுகிறது. சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெயில், தகட்டின் வெப்பம் 25 டிகிரி என்ற சோதனை நிலையில் கிடைக்கும் உச்ச அளவு அது. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தகடு 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். 25க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.4 சதவீதம் என்று இறங்கினாலும் பத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும்.

பேட்டரி சேமிப்புத் திட்டங்கள் பற்றி எழுதும்போது இரண்டு எண்ணும் கட்டாயம் வேண்டும். தென் ஆஸ்திரேலியாவில் 2017இல் நிறுவிய ஹார்ன்ஸ்டேல் பேட்டரி அப்போது 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி. முழு வீச்சில் கொடுத்தால் சுமார் 77 நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்று வாசகர் தாமே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ‘100 மெகாவாட் பேட்டரி’ என்று மட்டும் போட்டால் அது பத்து நிமிடம் தாங்குமா, பத்து மணி நேரம் தாங்குமா?

வீட்டு இன்வெர்ட்டர் விளம்பரம் இன்னும் மோசம். 150 ஆம்பியர்-மணி என்பது ஆற்றலே அல்ல. 12 வோல்ட்டால் பெருக்கினால்தான் 1.8 யூனிட் என்று தெரியும். அதுவும் 20 மணி நேரம் மெதுவாக, 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைப்பது. இரண்டு ஃபேன், சில விளக்கு, டி.வி. என்று 300 வாட் போட்டால், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்துப் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 29 ஆம்பியர் போகும். அந்த வேகத்தில் எடுத்தால் கொள்ளளவு சுருங்கும். பேட்டரியை அடிவரை காலி செய்யவும் கூடாது. எல்லாம் போக ஒரு யூனிட் கிடைத்தால் நல்ல பேட்டரி. மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். ‘ஆறு மணி நேர பேக்கப்’ என்ற வரியின் கீழே எத்தனை வாட்டுக்கு என்று கேட்டு வாங்கிப் போடுங்கள்.

ஏ.சி.யின் ‘டன்’ மின்சாரச் செலவைச் சொல்வதில்லை. அறையிலிருந்து வெப்பத்தை வெளியேற்றும் வீதம் அது. ஒரு டன் என்றால் ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பம். 1.5 டன் ஏ.சி. 5 கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியே தள்ளினாலும், முழுச் சுமையில் லைனிலிருந்து இழுப்பது பெரும்பாலும் ஒன்றரை கிலோவாட் அளவுதான்.

உதவி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். செய்திக்குறிப்பில் மெகாவாட் மட்டும் இருந்தால், ஆண்டுக்கு எத்தனை யூனிட், அல்லது எத்தனை மணி நேரம் என்று அனுப்பியவரிடமே கேளுங்கள். யூனிட் மட்டும் இருந்தால் அது எத்தனை நாளுக்கானது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ‘நாளொன்றுக்கு’ என்று நாமாகச் சேர்க்காமல், ‘50 மெகாவாட் திறன் கொண்ட நிலையம்’ என்று போட்டுவிடலாம். உணவுப் பக்கத்திலும் ஒரு திருத்தம்: ஓர் ஆளுக்கு நாளுக்கு வேண்டியது 2,000 கலோரி அல்ல, 2,000 கிலோகலோரி. அதை யூனிட்டாக்கினால் 2.3, இருபத்து நான்கு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் சுமார் 97 வாட்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர், கோவை