செல்விக்கு, பயிற்சிப் பள்ளியிலிருந்து

மன்னார்குடி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. ஒரு மாதம் அடுப்படிப் பக்கம் விடாதே.

"எம்.எஸ்சி. முடிச்சவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் பி.எட். எதுக்குடி?" என்று கேட்டிருந்தாய். என் சித்தி காலத்தில் ஒரே வருடம்தான். 2015இலிருந்து இரண்டு வருடமாக்கிவிட்டார்கள். இப்போது நான் இரண்டாம் வருடம். இதில் 16 வாரம் பள்ளியிலேயே இருந்து பாடம் எடுக்க வேண்டும். இங்கே அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்துக்கு அறிவியல் எடுக்கிறேன். லெசன் பிளான், சார்ட், ரெக்கார்டு என்று ராத்திரி பதினொரு மணி ஆகிவிடுகிறது. ஆனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் வகுப்பறையில்தான் கிடைத்தது.

என் வழிகாட்டி ஆசிரியை பத்தாம் வகுப்பில் ஒருநாள் சாதாரணமாகக் கேட்டார்: "தண்ணி கொதிக்கும்போது வர்ற குமிழிக்குள்ள என்ன இருக்கு?" காற்று என்றாள் ஒருத்தி. ஆக்சிஜன் என்றது ஒரு குரல். முதல் பெஞ்சில் நன்றாகப் படிக்கிற பெண், "ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் டீச்சர், தண்ணி எச் டூ ஓ தானே" என்றாள். நீராவி என்றவர்கள் மிகச் சிலர். டீச்சர் எது சரி, எது தப்பு என்று வாயே திறக்கவில்லை. எல்லாவற்றையும் போர்டில் எழுதிவைத்தார்.

மறுநாள் ஒரு பீக்கரில் தண்ணீரைச் சூடேற்றினார். கொதிப்பதற்கு வெகு முன்பே அடியில் பொடிக் குமிழிகள் ஒட்டிக்கொண்டன. அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று. ஆக, காற்று என்றவள் சொன்னதிலும் விஷயம் இருந்தது. பிறகு தளதளவென்று பெரிய குமிழிகள். "ஹைட்ரஜனா இருந்தா எரியற குச்சியைக் காட்டினா என்ன ஆகணும்?" என்று கேட்டார். "பாப்னு சத்தம் வரணும்" என்றார்கள். குச்சியை நீட்டினார், சத்தம் இல்லை, அணைந்துதான் போனது. மேலே குளிர்ந்த எவர்சில்வர் தட்டைப் பிடித்தார். தட்டின் அடியில் தண்ணீர். அந்த முதல் பெஞ்சுப் பெண் தானாகவே எழுந்து, "மூலக்கூறு உடையலை டீச்சர், விலகி மட்டும் போயிருக்கு" என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, செல்வி.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வேதியியலுக்கு மூன்று தளங்கள்: கண்ணால் பார்ப்பது, கண்ணுக்குத் தெரியாத அணுவும் மூலக்கூறும், தாளில் எழுதும் குறியீடும் சமன்பாடும். நீயும் நானும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு யோசிக்காமலே போய்வருகிறோம். புதிதாகப் படிக்கிற பிள்ளையை மூன்றையும் ஒரே நேரத்தில் சுமக்கச் சொன்னால் தலைக்குள் இடம் போதாது. நம் வகுப்புகளோ பெரும்பாலும் மூன்றாவது தளத்திலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன என்பது என் எண்ணம்.

போன வாரம் காப்பர் சல்பேட் கரைசலில் இரும்பு ஆணி போடும் சோதனை. கரைசலின் நீலம் வெளிறி, ஆணிமேல் செந்நிறம் படிந்தது. சமன்பாட்டை எல்லோரும் பிழையில்லாமல் எழுதினார்கள். "நீலம் எங்கே போச்சு?" என்று கேட்டேன். மௌனம். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் பொதுவாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை, மூன்று விநாடி பொறுத்தாலே பதில்களின் தரம் உயர்கிறது என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டிருக்கிறார். அதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசி பெஞ்சிலிருந்து வந்தது: "நீலமே அந்தக் காப்பர்தானா டீச்சர்? அதுதான் ஆணிமேல ஒட்டிருச்சா?" உடனே இன்னொருத்தி, "அப்ப அந்த அளவுக்கு இரும்பு தண்ணிக்குள்ள போயிருக்கணுமே!" கரைசலுக்குள் போன அந்த இரும்பை, அதாவது ஃபெரஸ் அயனியைப் பற்றிப் பேச இதைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைக்காது. இப்படி ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கவும், கேட்டபின் வாயை மூடிக்கொண்டு நிற்கவும் எம்.எஸ்சி.யில் எங்கேயும் சொல்லித்தரவில்லை. இந்த இரண்டு வருடம் அதற்குத்தான்.

முடித்ததும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதப்போகிறேன். பதினொன்று, பன்னிரண்டுக்கு வேதியியல் மட்டும் எடுக்க அதுதான் வழி.

பிளஸ் டூ லேபிலும் உதவிக்கு நிற்கிறேன். பியூரெட் குழாயிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொரு கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்கும் தரம்பார்த்தலில் வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்து நின்றதும் அந்தப் பெண்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். கரைசல் அடர்நிறம் என்பதால் பியூரெட்டில் மேல் விளிம்பைப் பார்த்து அளவெடுக்கிறார்கள். இதில் சேர்க்கும் அமிலமாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏன் கூடாது என்று கேட்டால், பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றிவிடும், அளவு கூடிவிடும் என்று காரணத்தோடு சொல்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இதைப் படிச்சுட்டு என்ன டீச்சர் வேலை பாக்கறது?"

அதனால் உன்னிடம் ஓர் உதவி. மருந்துக் கம்பெனி லேபில் காலையில் நுழைந்ததிலிருந்து சாயங்காலம் வரை என்னென்ன செய்கிறாய் என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பு. எந்த மாத்திரையை எதை வைத்துச் சோதிக்கிறாய், அளவு சரியில்லாவிட்டால் அந்தத் தொகுதியை என்ன செய்வீர்கள், எல்லாவற்றையும் எழுது. அடுத்த மாதம் செய்முறைத் தேர்வுக்கு முன் வகுப்பில் படித்துக்காட்டப் போகிறேன், தாமதிக்காதே.

அன்புடன்,
மல்லிகா